சிவப்பு கிளிப் முதலில்

டிசம்பர் 3, புதன்

வெப்பம் ஒன்பது டிகிரி. மூடுபனி கடுமை. கார் கிளம்பவில்லை.

சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம். மறுபடி திருப்பினால் அதுவும் இல்லை. தெரு முனையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் போஜனுக்குப் போன் செய்தேன். வந்து பானட்டைத் திறந்து, மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "பேட்டரி நல்லாத்தானுங்க சார் இருக்குது. உள்ள லைட்டு ராத்திரி பூரா எரிஞ்சிருக்குது" என்றார்.

நான் விளக்கை அணைக்காமல் இறங்குகிறவன் இல்லை. முப்பத்து நான்கு வருடம் நில அளவைத் துறையில் இருந்தவன். ஓர் எல்லைக்கல் நாலு அங்குலம் நகர்ந்திருந்தால் பாதையில் நின்றபடியே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவனிடம் வந்து லைட்டை அணைக்கவில்லை என்கிறார்.

கோட்டகிரிக் குளிர் பேட்டரிக்கு ஆகாது, அதுதான் காரணம் என்று விளக்கினேன். போஜன் என் மனைவி கோமதியைப் பார்த்தார். கோமு வாசலில் கோலத்தை விட்டு நிமிராமல், "குளிராத்தான் இருக்கும்" என்றாள்.

டிசம்பர் 4, வியாழன்

புனேயிலிருந்து மகள் மதி போன் செய்தாள். பொங்கலுக்கு வருகிறாள், பேத்தி ஆதிரையோடு. ஜனவரி 12, காலை விமானத்தில் கோயம்புத்தூர். மாப்பிள்ளைக்கு லீவு இல்லை.

"நானே வந்து கூட்டிட்டு வாரேன்" என்றேன்.

"அம்மாகிட்ட குடுங்கப்பா" என்றாள். அம்மாவும் மகளும் கொல்லைப்புறம் போய் அரைமணி நேரம் பேசினார்கள். பலகாரம் பற்றியாக இருக்கும்.

டிசம்பர் 6, சனி

மறுபடியும் 'டிக்'. இந்த முறை பின் கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தது. அதனால் உள்விளக்கு எரிந்து பேட்டரி இறங்கியிருக்கிறது. எதிர் வீட்டுப் பூனையின் வேலை என்று நினைக்கிறேன். கோமுவிடம் சொன்னேன். "அது பொல்லாத பூனைதான்" என்றாள்.

போஜனை ஒவ்வொரு முறையும் கூப்பிட்டு அவர் சிரிப்பைப் பார்க்க முடியாது. ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒன்று வாங்கிவிடப் போகிறேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

இரண்டு நாள் இதே வேலை. போன் தயாரிப்பவர்கள் எழுத்தை வர வரச் சிறிதாக்கிக்கொண்டே போகிறார்கள். அதனால் கோமு படிக்க, நான் அட்டவணை போட்டேன்.

விஷயம் எளிது. செங்கல் அளவில் ஒரு பெட்டி, உள்ளே லித்தியம் பேட்டரி. வீட்டில் சார்ஜ் ஏற்றி வைத்துக்கொள்ள வேண்டியது. கார் படுத்துக்கொண்டால் அதன் இரண்டு கிளிப்புகளைக் கார் பேட்டரியோடு சேர்த்துவிட்டுச் சாவியைத் திருப்ப வேண்டியது. தள்ள ஆள் வேண்டாம், பக்கத்து வண்டியின் தயவும் வேண்டாம்.

தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம். பெட்டியின் மேல் ஆயிரம் ஆம்ப், இரண்டாயிரம் ஆம்ப் என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். அது கண் சிமிட்டும் நேரத்துக்குக் கொடுக்கும் உச்சம், வெறும் ஜம்பம். நாலைந்து விநாடி விடாமல் எவ்வளவு கொடுக்கும் என்பதைச் சின்ன எழுத்தில் ஒளித்து வைத்திருப்பார்கள். அதைத்தான் பார்க்க வேண்டும். எங்களுடையது சிறிய பெட்ரோல் வண்டி, ஆகையால் டீசல் வண்டிக்கான பெரிய பெட்டி வேண்டாம். குளிரில் வேலை செய்ய வேண்டும். ஒயர் தடிமனாக இருக்க வேண்டும்.

சில பெட்டிகளில், கிளிப்பை மாற்றி மாட்டினால் மின்சாரத்தைத் தடுத்துவிட்டுக் கத்துகிற ஒரு பாதுகாப்பு இருக்கிறது. கூட்டல் எது, கழித்தல் எது என்று தெரியாதவர்களுக்கானது. எனக்குத் தேவையில்லை என்றேன். கோமு மட்டும் அது இல்லாத பெட்டி இந்த வீட்டுக்குள் வரக் கூடாது என்று ஒரே பிடியாக நின்றாள். அவள் கல்யாணப் புடவைக்குக்கூட இப்படி அடம் பிடித்ததில்லை. சரி என்று விட்டேன்.

டிசம்பர் 11, வியாழன்

பனி விடவே இல்லை. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கும் எதிர் வீட்டு கேட் மங்கலாகத்தான் தெரிகிறது. இந்தப் பனியில் கோமு மொட்டை மாடியில் மிளகாய் காயப் போட்டிருக்கிறாள். சொன்னால் கேட்பதில்லை.

மார்க்கெட்டில் நெடுநாள் கழித்து ஒருவரைப் பார்த்து வணக்கம் சொன்னேன். சிரித்த முகமாகவே நின்றார், பதில் வணக்கம் சொல்லவில்லை. அது ஜவுளிக்கடை பேனர் என்று கோமு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். இப்போதெல்லாம் பேனரை ஆள் உயரத்துக்கு அடித்துத் தொலைக்கிறார்கள்.

டிசம்பர் 15, திங்கள்

பெட்டி வந்துவிட்டது. கறுப்பு நிறம், நான்கு சின்ன விளக்குகள். நான்கும் எரிந்தால் முழு சார்ஜ். போனுக்கு சார்ஜ் ஏற்றலாம், டார்ச்சும் உண்டு.

கையேட்டைக் கோமு படித்தாள். நான் கேட்டுக்கொண்டு, பராமரிப்பு விதிகளை ஒரு தாளில் பெரிதாக எழுதிப் பீரோ கதவில் ஒட்டினேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, உபயோகித்தாலும் இல்லாவிட்டாலும் சார்ஜ் ஏற்றவும். அடியோடு காலியாக விடக் கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்கக் கூடாது. மாட்டும்போது முதலில் சிவப்பு கிளிப், பேட்டரியின் கூட்டல் முனையில். பிறகு கறுப்பு, பேட்டரியில் அல்ல, தள்ளி எஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்பில். மூன்று முறைக்கு மேல் விடாமல் முயலக் கூடாது. கிளம்பியதும் முதலில் கறுப்பைக் கழற்றவும்.

கோமு இதில் காட்டிய ஆர்வம் என்னை வியக்க வைத்தது.

"டார்ச்சை அணைக்காம விட்டா எத்தனை மணி நேரத்துல காலியாகும்?" என்று கேட்டாள்.

"ஒரு ராத்திரி, ஒரு பகல் தாங்கும்" என்றேன்.

"ரெண்டு நாள் வச்சுக்கலாம்" என்று காலண்டரில் ஏதோ குறித்துக்கொண்டாள். முப்பத்தாறு வருடக் குடித்தனத்தில் இயந்திரம் பற்றி அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். சந்தோஷமாக இருந்தது.

டிசம்பர் 17, புதன்

வெற்றி. காலையில் கார் வழக்கம்போலப் படுத்திருந்தது. (பார்க்கிங் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த சுவிட்ச் தளர்ந்துவிட்டது போலும்.) பெட்டியை எடுத்து வந்தேன். வேடிக்கை பார்க்க வந்த போஜன் பழக்கதோஷத்தில் கிளிப்புகளை அவரே மாட்டிவிட்டார். சாவியைத் திருப்பினேன். ஒரே மூச்சில் கிளம்பியது.

கோமுவின் முகம் விழுந்துவிட்டது. குளிரில் நின்றது ஒத்துக்கொள்ளவில்லையோ என்னவோ.

அவளை உட்கார வைத்து டானிங்டன் வரை ஒரு சுற்று போய் வந்தேன். வழியெல்லாம், "இடது பக்கம் ஆள்", "மாடு", "மாடு போயிட்டு", "அது பஸ்" என்று ஏதாவது சொல்லிக்கொண்டே வந்தாள். ஏற்றத்தில், "செகண்ட் போடுங்க" என்றாள். டிவியில் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள். வீட்டுக்குத் திரும்பும்போது தெருக்குழாய் மேடையில் வண்டி லேசாக உரசியது. அந்த மேடையைச் சாலைப் பக்கம் தள்ளிக் கட்டியிருக்கிறார்கள். அளந்து பார்க்க வேண்டும்.

டிசம்பர் 20, சனி

கார் கிளம்பவில்லை. பெட்டியை எடுத்தால் ஒரு விளக்குகூட எரியவில்லை. மூன்று நாள் முன்பு நான்கும் எரிந்தன. பீரோவில் கம்பளிகளுக்கு நடுவே வைத்திருந்தேன். கம்பளியின் கனத்தில் டார்ச் பொத்தான் அழுந்தி எரிந்து தீர்ந்திருக்க வேண்டும்.

"அப்படியும் நடக்குமா?" என்றாள் கோமு, மிகவும் ஆச்சரியப்பட்டு.

டிசம்பர் 22, திங்கள்

மறுபடியும் டார்ச். கம்பெனிக்குப் புகார் எழுதினேன்.

டிசம்பர் 24, புதன்

பத்து நாளாகக் கோமு மாதர் சங்கத்தில் பின்னல் வகுப்புக்குப் போகிறாள். காலை பத்திலிருந்து பதினொன்று. இதுவரை ஒரு குல்லாகூட வந்து சேரவில்லை. வந்ததும் இடது கால் வலிக்கிறது என்கிறாள், இடது கால் மட்டும். பின்னல் வேலைக்குக் கால் எதற்கு வலிக்க வேண்டும் என்று கேட்டேன். "கீழ உக்காருததுதான்" என்றாள். தைலம் தேய்த்துவிட்டேன்.

டிசம்பர் 27, சனி

பால் வாங்கி வரும்போது போஜனின் பழைய கார் எதிரே வந்தது. முன்னால் சிவப்பில் 'எல்' பலகை. அதைக் கிட்டே வந்த பிறகுதான் கவனித்தேன். உள்ளே ஒரு பெண்மணி ஓட்ட, போஜன் பக்கத்தில். தவளை மாதிரி தத்தித் தத்திப் போனது. கிளட்சை எப்படி விடுவது என்றே தெரியாத ஆள். அந்த வண்டி இன்னும் ஒரு மாதம் தாங்காது.

அந்தப் பெண்மணி என்னைப் பார்த்துக் கை அசைத்தாள். மரியாதைக்கு நானும் அசைத்தேன். யாரென்று தெரியவில்லை.

ஜனவரி 1, வியாழன்

கம்பெனியிலிருந்து பதில். டார்ச் பொத்தானை மூன்று விநாடி விரலால் அழுத்திப் பிடித்தால் மட்டுமே எரியும், கம்பளியால் எரியாது என்று பணிவாக எழுதியிருக்கிறார்கள். நீலகிரிக் கம்பளியை அவர்கள் பார்த்ததில்லை என்று பதில் போட்டேன்.

ஜனவரி 5, திங்கள்

சாப்பிடும்போது கோமு, "கோயம்புத்தூர் போய்க் கண்ணை ஒரு தடவை காட்டிட்டு வந்திரலாமா?" என்றாள்.

"யார் கண்ணை?"

"என் கண்ணை வச்சுக்கிடுங்க. கூட உங்களையும் பாக்கட்டும்."

என் கண்ணுக்கு ஒன்றுமில்லை. ராத்திரியில் எதிரே வரும் வண்டிக்காரர்கள் எல்லாரும் ஹைபீம் போடுகிறார்கள். அவரவர் விளக்கைச் சுற்றிப் பூச்சக்கரம் மாதிரி வளையம் வருகிறது. அதற்கு நான் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அவர்கள் அல்லவா போக வேண்டும் என்றேன்.

கோமு ரசத்தை ஊற்றினாள். கொஞ்சம் கண் கலங்கியதுபோல இருந்தது. மிளகு அதிகம்.

ஜனவரி 8, வியாழன்

யார் மேலும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் பெட்டிக்கு முழு சார்ஜ் ஏற்றி, பீரோவின் உள்ளறையில் வைத்துப் பூட்டிச் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டேன்.

கோமு கேட்டாள்: "குளிக்கும்போதுமா?"

குளிக்கும்போதும்.

ஜனவரி 11, ஞாயிறு

போஜன் கார் பேட்டரியைப் பட்டறைக்குக் கொண்டுபோய் சார்ஜ் ஏற்றி மாட்டிவிட்டார். "இப்படித் தினம் படுக்க வெச்சா பேட்டரி ஆயுசு போயிருமுங்க" என்றார், என்னைப் பார்த்து அல்ல. பெட்டியில் நான்கு விளக்கும் எரிகின்றன என்று கோமு எண்ணிச் சொன்னாள். காற்று சரி, பெட்ரோல் சரி. நாளைக் காலை ஆறரைக்குக் கிளம்புகிறேன். பேத்திக்கு மலைப்பாதையைக் காட்டிக்கொண்டே வர வேண்டும்.

ஜனவரி 12, திங்கள்

டாக்ஸியில் வந்தார்கள்.

ஜனவரி 13, செவ்வாய்

நேற்று எழுதும் மனநிலையில் இல்லை.

ஆறு மணிக்கெல்லாம் தயாராகிவிட்டேன். பனி இருந்தது. நேற்று உண்மையாகவே இருந்தது, கோமுவும் ஒப்புக்கொண்டாள். சாவியைத் திருப்பினேன். 'டிக்'. முந்தின நாள்தான் ஏற்றிய பேட்டரி. ஆனால் நான் கலங்கவில்லை. அரைஞாணிலிருந்து சாவியை எடுத்து, பீரோவைத் திறந்து, பெட்டியைக் கொண்டுவந்தேன். பானட்டைத் தூக்கி கிளிப்புகளை மாட்டினேன். பீப் பீப் என்று சத்தம் வந்தது, ஒரு வெளிச்சமும் வந்தது. தயாராகிவிட்டது என்று கதவைத் திறந்து சாவியில் கை வைத்தேன்.

"நில்லுங்க."

கோமு ஸ்வெட்டரும் தலையில் துண்டுமாக வண்டிக்கு முன்னால் நின்றாள்.

"அது என்ன கலர்ல எரியுது?"

"பச்சை."

"சிவப்பு. மாத்தி மாட்டினாத்தான் சிவப்பு எரியும், கத்தும். புஸ்தகத்துல பதினாலாம் பக்கம்."

"புதுசு. அப்படித்தான் கத்தும்."

அவள் இரண்டு கிளிப்புகளையும் கழற்றினாள். கைக்கு ஒன்றாக எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"எது சிவப்பு?"

பார்த்தேன். ஸ்வெட்டர் கை இரண்டு தெரிந்தது. அதற்கு முன்னால் கறுப்பாக ஏதோ ஒன்று, அந்தப் பக்கமும் கறுப்பாக ஏதோ ஒன்று. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அவசரப்படாமல் பார்த்தேன்.

"இடது" என்றேன்.

"என் இடதா, உங்க இடதா?"

"என் இடது."

சரி என்றோ தப்பு என்றோ அவள் சொல்லவில்லை. கிளிப்புகளை இறக்கிவிட்டு, "மதியும் பிள்ளையும் பின் சீட்டுலதான உக்காருவாங்க?" என்றாள்.

ஒன்றை மட்டும் இங்கே எழுதிவிடுகிறேன். நிறம் எனக்குத் தெரியவில்லை. நான் ஊகித்தேன். வேலையில் இருந்த காலத்தில் ஊகித்து ஒரு கோடுகூடப் போட்டதில்லை.

கார் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"லைட்டப் போட்டு விட்டது நான்தான். டிசம்பர்லேருந்து" என்றாள்.

"டார்ச்?"

"அதுவும்."

"கதவு?"

"அதும் நான்தான். பூனை பாவம்."

"போஜனுக்குத் தெரியுமா?"

"மொத நாளே."

"மதிக்கு?"

"அவதான் யோசனை சொன்னா. டார்ச் மட்டும் என் சொந்த யோசனை."

கோபம் வர வேண்டும் என்று காத்திருந்தேன். அதற்குள் தெரு முனையிலிருந்து ஒரு டாக்ஸி வந்து நின்றது. இரண்டு நாள் முன்பே சொல்லி வைத்திருக்கிறாள். அவளே ஏறிப் போனாள். நான் வீட்டில் உட்கார்ந்து மணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணியும் சரியாகத் தெரியவில்லை.

பதினொன்றரைக்கு வந்து இறங்கினார்கள். ஆதிரை என்னைப் பார்த்து ஓடி வந்தாள். யார் ஓடி வருகிறார்கள் என்று அவள் என் காலைக் கட்டிக்கொண்ட பிறகுதான் தெரிந்தது. மதி என் முன்னால் கையை நீட்டி, "எத்தனை விரல் சொல்லுங்க" என்றாள். நில அளவர் தூரம் தெரியாமல் பதில் சொல்லமாட்டார் என்றேன். அவள் சிரித்தாள். திரும்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சியதும் கேட்டது. காதுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

கோயம்புத்தூர் கண் ஆஸ்பத்திரி. டாக்டர் மதி வயதுப் பெண். விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் புரை, வலது கண் நன்றாக முற்றிவிட்டது என்றார். முதலில் வலது, அடுத்து ஏப்ரலில் இடது.

"இவ்வளவு முத்துற வரைக்கும் எப்படி சார் மலையில வண்டி ஓட்டினீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் கோமு, "எங்க ஓட்ட விட்டேன்" என்றாள்.

ஜனவரி 29, வியாழன்

நேற்று வலது கண்ணில் ஆபரேஷன். இன்று கட்டுப் பிரித்தார்கள். ஒரு வாரம் எழுதக் கூடாது, படிக்கக் கூடாது.

பிப்ரவரி 5, வியாழன்

வானம் நீலம். இதை வெப்பநிலைக்கு முன்னால் எழுதியாக வேண்டும். எதிர் வீட்டு கேட்டில் வெள்ளைப் பெயின்ட், அதில் துரு. குழாய் மேடை சாலையிலிருந்து ஐந்தடி உள்ளே இருக்கிறது. டேப் வைத்தும் பார்த்துவிட்டேன்.

ஒரு வாரம் முடிந்ததால் நோட்டைப் பிரித்தேன். டிசம்பர் முதல் என் எழுத்து கோட்டை விட்டு மேலும் கீழும் ஓடியிருக்கிறது. அதைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அப்போதுதான் ஓரத்தில் வேறொன்றைக் கண்டேன். பென்சிலில், எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்து. கோமுவின் கை.

டிசம்பர் 3-ல் 'மூடுபனி கடுமை' என்று நான் எழுதியதற்குக் கீழே: 'நல்ல வெயில்.'

கால் வலிக்குத் தைலம் தேய்த்த பக்கத்தில் ஒரே சொல்: 'கிளட்ச்.'

போஜன் காரில் பெண்மணி கை அசைத்த பக்கத்தில்: 'நான்தான்.'

கண்ணைக் காட்டச் சொன்னதற்கு நான் மறுத்த ஜனவரி 5-ல் கொஞ்சம் நீளம்: 'சொல்லிப் பார்த்தாச்சு. அழுதும் பார்த்தாச்சு. மிளகு இல்லை. இனிமேலும் பேட்டரிதான்.'

நோட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அடுத்தவர் இடத்தில் வேலி போடுவதை எங்கள் துறையில் ஆக்கிரமிப்பு என்போம். இவ்வளவு நேர்த்தியான ஆக்கிரமிப்பை நான் பார்த்ததில்லை.

"நான் படிச்சிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

தோசையைத் திருப்பிப் போட்டாள். "படிக்க முடிஞ்சா அப்புறம் எனக்கு என்ன கவலை?"

தோசை இரண்டு சாப்பிட்டேன். கார் ஓட்டுகிற பெண்ணுக்கு எல் பலகை என் வண்டியிலேயே கட்டிக்கொள்ளலாம், போஜன் வண்டி பாவம் என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் 12, வியாழன்

ஊட்டி. கோமுவுக்கு லைசென்ஸ் டெஸ்ட். எங்கள் காரிலேயே போனோம். போஜன் ஓட்டினார். இடது கண்ணும் ஆன பிறகுதான் நான் ஓட்டலாம் என்று டாக்டர் உத்தரவு.

மழைத் தூறல். மைதானத்தில் கோமுவுக்கு முன்னால் பதினேழு பேர். அவள் வெளியே கூரையடியில் நின்றுகொண்டாள், போஜன் டீ குடிக்கப் போனார். நான் காருக்குள் உட்கார்ந்து, உள்விளக்கைப் போட்டுக்கொண்டு, ரேடியோவை மெதுவாக வைத்துக்கொண்டு, ஜம்ப் ஸ்டார்ட்டர் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை என் கண்ணாலேயே படித்தேன். பின்னட்டையில் மிக மிகச் சின்ன எழுத்தில், தயாரிப்பாளரின் முகவரியில் ஓர் எழுத்துப் பிழை இருக்கிறது. அதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் பத்து நிமிடம் கண்ணை மூடினேன்.

"கோமதி ஆவுடையப்பன்" என்று என் பெயரையும் சேர்த்து அவளைக் கூப்பிட்டார்கள். நான் இறங்கினேன், அவள் ஏறினாள். சாவியைத் திருப்பினாள்.

'டிக்.'

கோமு உள்விளக்கைப் பார்த்தாள். ரேடியோவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"குளிர்" என்றேன்.

இன்ஸ்பெக்டர் குடைக்குள் நின்றபடி, "வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னா அடுத்த வாரம் வாங்கம்மா, பின்னால ஆள் நிக்கிறாங்க" என்றார். மூன்று மாதம் தைலம் தேய்த்த கால் என்னால் வீணாகப் போகிறதே. போஜனைக் காணோம். பின்னால் இருந்த பையன்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள்.

கோமு இறங்கி டிக்கியைத் திறந்தாள். பெட்டியை எடுத்துப் பொத்தானை அழுத்தினாள். நான்கு விளக்கு. நானே எண்ணினேன். பானட்டைத் தூக்கினாள். நான் உதவிக்குப் போய், "முதல்ல சிவப்பு" என்று ஆரம்பித்தேன். அதற்குள் சிவப்பு கூட்டல் முனையில் இருந்தது, கறுப்பு எஞ்சினின் இரும்பில் இருந்தது. பச்சை எரிந்தது. சந்தேகமில்லாத பச்சை. உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். வண்டி உறுமிக் கிளம்பியது. நிதானமாக இறங்கிக் கறுப்பைக் கழற்றினாள், சிவப்பைக் கழற்றினாள், ஒயரைச் சுருட்டிப் பெட்டியை என் கையில் கொடுத்து, "நனையாமப் புடிங்க" என்றாள்.

பிறகு ஓட்டிக் காட்டினாள். முன்னால் போனாள், வளைந்தாள், பின்னால் வந்தாள். ஒரு கம்பத்தையும் தொடவில்லை. தூரத்தில், தூறலுக்கு அப்பால், ஸ்டீயரிங்கைப் பிடித்த அவள் விரல்கள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தன. நாக்கைக் கடித்துக்கொண்டு ஓட்டுகிறாள். இது எனக்குத் தெரியாத பழக்கம்.

இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "பேட்டரி வேலையெல்லாம் யாரும்மா சொல்லிக்குடுத்தாங்க?" என்று கேட்டார்.

"இவங்கதான். தினம் பிராக்டிஸ்" என்றாள் கோமு.

திரும்பும்போது அவளே ஓட்டினாள். நான் பக்கத்தில், போஜன் பின்னால். வழியெல்லாம் நான் வாயைத் திறக்கவில்லை, அதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். வீட்டு கேட்டுக்குள் திருப்பும்போது மட்டும் 'கிர்ர்' என்று ஒரு சத்தம் கேட்டது. இறங்கிப் பார்த்தேன். முன் பம்பரில், இடது பக்கம், மூன்றரை அங்குலத்தில் புதிதாக ஒரு கீறல்.

இதை எழுதிவிட்டு டீ குடிக்கப் போய் வந்தேன். கீழே பேனாவில், நன்றாகப் பெரிய எழுத்தில் இருக்கிறது:

'அந்தக் கீறல் முன்னாடியே இருந்தது. — கோமதி, ஓட்டுநர்.'